மருந்து நுரையீரலுக்குப் போகுதா, வாய்க்குப் போகுதா?

உங்க வீட்டில் இன்ஹேலர் பயன்படுத்தும் அப்பாவோ பாட்டியோ இருந்தால், இதைப் படிக்கும் முன்பு ஒரு சின்ன வேலை. "ஒரு தடவை எடுத்துக் காட்டுங்க" என்று கேட்டு, அவர் மருந்து எடுப்பதை மொபைலில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கீழே சொல்லியிருக்கும் முறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டாக்டரிடமும் காட்டுங்கள். மாத்திரையை மாற்றுவதற்கு முன்னால், இருக்கிற மருந்து ஒழுங்காக உள்ளே போகிறதா என்று பார்ப்பதுதான் முதல் சிகிச்சை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? நுரையீரல் அடைப்பு நோய்க்கு இன்று கருவிகளுக்குக் குறைவே இல்லை. இன்ஹேலர், நெபுலைசர், ஆக்சிஜன் மெஷின், பைபாப், மூச்சுக்குழாய் வால்வு என்று வரிசையாக இருக்கிறது. பல வீடுகளில் கடன் வாங்கிக்கூட பெரிய மெஷின் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் சில நூறு ரூபாய் இன்ஹேலரைத் தப்பாக எடுத்துக்கொண்டே வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். எந்தக் கருவி யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பது தெரிந்தால் காசும் மிச்சம், மூச்சும் மிச்சம்.

இழுப்பு எல்லாம் ஒண்ணு இல்லை

நம்ம ஊரில் மூச்சு இரைத்தாலே "வீசிங்" என்று சொல்லிவிடுவோம். ஆஸ்துமா வேறு, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வேறு. இரண்டாவதைத்தான் டாக்டர்கள் சீட்டில் சி.ஓ.பி.டி என்று எழுதுகிறார்கள். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் சுருங்கும், மருந்து எடுத்தால் பெரும்பாலும் நன்றாக விரிந்துவிடும். சி.ஓ.பி.டி-யில் குழாய்கள் வீங்கித் தடித்து, சளி அடைத்து, காற்றுப் பைகளும் சிதைந்து போயிருக்கும். உள்ளே போன காற்று முழுசாக வெளியே வராது. மிச்சக் காற்று உள்ளேயே தங்குவதால் அடுத்த மூச்சுக்கு இடம் இருக்காது. "மூச்சு உள்ளயே போக மாட்டேங்குது" என்று நோயாளி சொல்வார், உண்மையில் சிக்கல் வெளியே விடுவதில் இருக்கிறது.

பீடி, சிகரெட் முக்கியக் காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. முப்பது நாற்பது வருடம் விறகு அடுப்பில் ஊதுகுழலோடு சமைத்த பாட்டி ஒரு பீடியைக்கூடத் தொட்டிருக்க மாட்டார், அவருக்கும் இது வரும். "நீங்க பீடி குடிக்கலையே, அப்ப இது வெறும் வயசுதான்" என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுவதால், பெண்களுக்கு நோய் பிடிபடுவது தாமதமாகிறது. பஞ்சாலைத் தூசி, கல் குவாரித் தூசி, முன்பு வந்து குணமான காசநோய் விட்டுப்போன தழும்பு, இவையும் காரணங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021-ல் மட்டும் இந்த நோயால் உலகில் 35 லட்சம் பேர் இறந்தார்கள். உலகின் நான்காவது பெரிய மரணக் காரணம் இது.

ஊதிப் பார்த்தால்தான் தெரியும்

எக்ஸ்ரே மட்டும் பார்த்து இந்த நோயை உறுதி செய்ய முடியாது. அதற்கு ஸ்பைரோமெட்ரி என்ற பரிசோதனை இருக்கிறது. 1846-ல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் உருவாக்கிய ஸ்பைரோமீட்டரின் வாரிசுதான் இன்றைய கருவி. ஊசி கிடையாது, ரத்தம் எடுக்க மாட்டார்கள். மூக்கில் கிளிப் போட்டு, மூச்சை முழுசாக இழுத்து, குழாயில் ஒரே மூச்சாக வேகமாக, காற்று தீரும்வரை ஊதணும். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்து மறுபடியும் ஊதச் சொல்வார்கள்.

முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியே வந்தது, மொத்தமாக எவ்வளவு வந்தது, இந்த இரண்டையும் வகுத்துப் பார்ப்பார்கள். மருந்துக்குப் பிறகும் அந்த விகிதம் 0.70-க்குக் கீழே இருந்தால் அடைப்பு நிலையாக இருக்கிறது என்று அர்த்தம். சமீபத்தில் மாரடைப்பு வந்திருந்தாலோ, கண் ஆபரேஷன் செய்திருந்தாலோ ஊதுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வேகமாக ஊதும்போது நெஞ்சிலும் கண்ணிலும் அழுத்தம் ஏறும்.

இந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் எந்தக் கருவி வாங்கச் சொன்னாலும் இதுதான் அடிப்படை.

பஃப் எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கு

அழுத்தி அடிக்கும் இன்ஹேலர் 1956-ல் அமெரிக்காவில் வந்தது. ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவருடைய 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. "தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி என் மருந்தும் ஏன் டப்பாவில் வரக்கூடாது?" என்று அந்தப் பெண் கேட்டாராம். அங்கிருந்து கிளம்பியதுதான் இன்று நம்ம சட்டைப் பையில் இருக்கும் டப்பா. கேள்வி எளிமையானது, ஆனால் அந்தக் கருவியைப் பயன்படுத்துவது அவ்வளவு எளிது இல்லை. சரியாக எடுத்தாலே வழக்கமான வகை டப்பாவில் சுமார் 10 முதல் 20 சதவீத மருந்துதான் நுரையீரலை அடைகிறது. தப்பாக எடுத்தால் மிச்சம் என்ன இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முறை இதுதான். மூடியைக் கழற்றி, டப்பாவை நன்றாகக் குலுக்குங்கள். புது டப்பா என்றால் முதலில் சில தடவை காற்றில் அடித்துவிடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை மெதுவாக முழுசாக வெளியே விடுங்கள். வாய்ப்பகுதியைப் பற்களுக்கு நடுவே வைத்து உதட்டால் இறுக்கி மூடுங்கள். மூச்சை இழுக்கத் தொடங்கும் அதே நேரத்தில் ஒரு தடவை அழுத்துங்கள், மெதுவாக நாலைந்து நொடி இழுத்துக்கொண்டே இருங்கள். டப்பாவை எடுத்துவிட்டு, முடிந்தால் பத்து எண்ணும்வரை மூச்சை அடக்குங்கள். இரண்டாவது பஃப் வேண்டும் என்றால் அரை நிமிடம், ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் குலுக்கி எடுங்கள். ஒரே மூச்சில் இரண்டு தடவை 'புஸ் புஸ்' என்று அடிப்பது வேண்டாம்.

வயதானவர்களுக்கு அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் வராது. அவர்களுக்காகத்தான் ஸ்பேசர். இன்ஹேலரின் முன்னால் மாட்டும் ஒரு பிளாஸ்டிக் குடுவை, அவ்வளவுதான். மருந்து அதில் நின்று, நோயாளி நிதானமாக இழுக்க நேரம் கொடுக்கும். தொண்டையில் படியும் மருந்தும் குறையும். என் கணக்கில் இந்தப் பட்டியலிலேயே கொடுத்த காசுக்கு அதிகம் உழைக்கிற பொருள் இதுதான். "இது குழந்தைங்களுக்குத்தானே" என்று தாத்தாக்கள் கூச்சப்படுகிறார்கள், கூச்சப்பட ஒன்றும் இல்லை. வாரம் ஒரு தடவை லேசான சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியால் துடைக்காமல் காற்றில் காய வையுங்கள். துடைத்தால் உள்ளே நிலை மின்சாரம் உண்டாகி, மருந்து குடுவைச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு வகை பவுடர் இன்ஹேலர். நம்ம ஊரில் பலருக்குத் தெரிந்தது கேப்சூல் போட்டுச் சுழற்றும் ரோட்டாஹேலர். இதற்கு விதி தலைகீழ். மெதுவாக இழுத்தால் பவுடர் கிளம்பாது, வேகமாகவும் ஆழமாகவும் இழுக்கணும். கருவிக்குள் ஊதிவிடக் கூடாது, எச்சில் ஈரம் பட்டால் பவுடர் கட்டியாகிவிடும். இழுத்த பிறகு திறந்து பாருங்கள், கேப்சூலில் பவுடர் மிச்சம் இருந்தால் இன்னொரு முறை இழுக்கணும். ரொம்ப முக்கியமான ஒன்று: அந்தக் கேப்சூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கக் கூடாது. சிரிக்காதீங்க. மருந்துக் கடையில் மாத்திரைகளோடு ஒரே கவரில் போட்டுக் கொடுத்தால், பார்ப்பதற்கு மாத்திரை மாதிரியே இருப்பதை ஒருவர் விழுங்குவது நியாயமான தப்புதான். சொல்லிக் கொடுக்காதது யார் குற்றம்?

ஒரு டப்பா உடனடி நிவாரணத்துக்கு, இன்னொன்று தினமும் எடுக்க வேண்டியது என்று இரண்டு கொடுத்திருப்பார்கள். தினசரி டப்பாவை "இப்ப நல்லாத்தான் இருக்கு" என்று நிறுத்திவிட்டு, நிவாரண டப்பாவை மட்டும் அடித்துக்கொண்டே இருப்பது வழக்கமாக நடப்பது. நிவாரண டப்பா சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்தால் அதை டாக்டரிடம் சொல்லணும், நோய் கட்டுக்குள் இல்லை என்பதற்கு அது அடையாளம். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் என்றால் எடுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லையென்றால் நாக்கில் வெள்ளைப் புண் வரும். "ஸ்டீராய்டா!" என்று பயந்து நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள். டப்பா காலியா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழக்கத்தையும் விடுங்கள், அது நம்பகமானது இல்லை. கவுன்டர் இருந்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் லேபிளில் எத்தனை பஃப் என்று பார்த்து, தொடங்கிய தேதியை டப்பா மேல் எழுதி வையுங்கள்.

நெபுலைசர்

"புகை வர்ற மெஷின் வெச்சாத்தான் பாட்டிக்குக் கேக்குது" என்பார்கள். நெபுலைசர் மோசமான கருவி இல்லை. மூச்சு மிக மோசமாக இருக்கும்போது, இன்ஹேலரை இழுக்கவே தெம்பு இல்லாதபோது அது உதவும். ஆனால் ஸ்பேசரோடு சரியாக எடுத்த இன்ஹேலர் பெரும்பாலானவர்களுக்கு அதே வேலையைச் செய்யும், கரண்ட்டும் வேண்டாம். வீட்டில் நெபுலைசர் இருந்தால் மருந்துக் கிண்ணத்தையும் மாஸ்க்கையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் காய வையுங்கள். ஈரமான கிண்ணத்தில் வளரும் கிருமியை நேராக நுரையீரலுக்கே அனுப்பக் கூடாது இல்லையா? ஒருவரின் மாஸ்க்கை இன்னொருவர் பயன்படுத்த வேண்டாம்.

ஆக்சிஜனும் ஒரு மருந்து, அதற்கும் அளவு உண்டு

2021 கொரோனா அலையில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் என்ற பெயர் தெருவுக்குத் தெரு தெரிந்தது. அப்போது வாங்கிய மெஷின்கள் இன்றும் பல வீடுகளில் கட்டிலடியில் இருக்கின்றன. "சும்மாதானே கிடக்கு, அப்பாவுக்கு மூச்சு வாங்கும்போது மாட்டிவிடுவோம்" என்று தோன்றும். இங்கேதான் நிதானம் வேண்டும்.

காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது. கான்சன்ட்ரேட்டர் அந்தக் காற்றை இழுத்து, சியோலைட் என்ற பொருள் வழியாக நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, 90 சதவீதத்துக்கும் மேல் ஆக்சிஜனாகத் தருகிறது. யாருக்கு இது உயிரைக் காக்கும் என்பது தெளிவாகவே தெரிந்த விஷயம். ஓய்வில் இருக்கும்போதே ரத்த ஆக்சிஜன் அளவு 88 சதவீதமோ அதற்குக் கீழோ நிலையாக இருப்பவர்களுக்கு, தினமும் குறைந்தது 15 மணி நேரம் கொடுக்கணும். 1980-ல் அமெரிக்காவிலும் 1981-ல் பிரிட்டனிலும் வந்த இரண்டு ஆய்வுகள் இந்த நோயாளிகளின் ஆயுள் கூடுவதைக் காட்டின. மூச்சு வாங்கும்போது மட்டும் பத்து நிமிஷம் மாட்டிக் கழற்றினால் அந்தப் பலன் கிடைக்காது.

அப்படியானால் 91, 92 இருப்பவருக்கு? 2016-ல் அமெரிக்காவில் 738 பேரிடம் நடந்த ஆய்வில், அளவு மிதமாகக் குறைந்தவர்களுக்கு வீட்டில் ஆக்சிஜன் கொடுத்ததால் ஆயுளும் கூடவில்லை, ஆஸ்பத்திரி சேர்க்கையும் குறையவில்லை. ஆக, டாக்டர் சொல்லாமல் மெஷின் வாங்க ஓட வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒரு தடவை காட்டிய எண்ணை வைத்தும் முடிவெடுக்க வேண்டாம். நெயில் பாலிஷ், மருதாணி, குளிர்ந்த விரல் எல்லாமே அளவைப் பிசகச் செய்யும். உறுதி செய்ய மணிக்கட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்.

அளவுக்கு மேல் ஆக்சிஜன் கொடுத்தால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். சி.ஓ.பி.டி முற்றிய சிலருக்கு உடலில் கார்பன் டை ஆக்சைடு தேங்கியிருக்கும். அவர்களுக்கு ஆக்சிஜனைத் திறந்துவிட்டால் அது இன்னும் ஏறி, தூக்கக் கலக்கமாகி, மயக்கம்வரை போகும். ஆக்சிமீட்டர் 99 என்று அழகாகக் காட்டிக்கொண்டிருக்கும், ஆள் உள்ளே மங்கிக்கொண்டிருப்பார். அதனால்தான் இவர்களுக்கு இலக்கு 88 முதல் 92. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 405 பேரிடம் ஆம்புலன்ஸிலேயே நடந்த ஆய்வு ஒன்று 2010-ல் வெளியானது. அளவு பார்த்து ஆக்சிஜன் கொடுத்தவர்களில் இறப்பு, தாராளமாகக் கொடுத்தவர்களைவிடப் பாதிக்கும் கீழே குறைந்தது. மெஷினில் இருக்கும் திருகை "கொஞ்சம் கூட்டி வைப்போம்" என்று வீட்டில் யாரும் தொடக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

டாக்டர் சொல்லித்தான் வாங்குகிறீர்கள் என்றால், கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வையுங்கள். சுமார் 1,500 லிட்டர் கொள்ளும் பி-டைப் சிலிண்டர் நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 12 மணி நேரம் தாங்கும். மழைக்காலத்தில் அப்படி ஒன்று கைவசம் இருப்பது நல்லது. ஈரப்படுத்தும் பாட்டிலில் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றி அடிக்கடி மாற்றுங்கள். ஓடும் மெஷின் பக்கத்தில் அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி, பீடி எதுவும் கூடாது. மூக்கு எரிகிறது என்று வாசலின் தடவவும் கூடாது, எண்ணெய்ப் பசையும் ஆக்சிஜனும் சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

கார்பன் டை ஆக்சைடு தேங்குபவர்களுக்கு உண்மையில் உதவுவது பைபாப். மூச்சை இழுக்கும்போது அழுத்தம் கூட்டியும், விடும்போது குறைத்தும், களைத்த மூச்சுத் தசைகளுக்குத் தோள் கொடுக்கும் மெஷின் இது. ஆஸ்பத்திரியில் பலருக்கு வென்டிலேட்டர் குழாய் போடாமல் காப்பாற்றுவது இதுதான். வீட்டு உபயோகத்துக்கும் உண்டு. பிரிட்டனில் 116 பேரிடம் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், வீட்டில் ஆக்சிஜன் மட்டும் வைத்தவர்கள் மறுபடி ஆஸ்பத்திரியில் சேரவோ இறக்கவோ ஆன இடைவெளி 1.4 மாதம். ஆக்சிஜனோடு இரவில் இந்த மெஷினும் மாட்டியவர்களுக்கு 4.3 மாதம். குறட்டைக்குத் தரும் சிபாப் வேறு மெஷின், பெயர் ஒத்துப்போகிறது என்று இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வால்வு, ஆபரேஷன், மாற்று நுரையீரல்

இவை எல்லோருக்கும் இல்லை, மிகச் சிலருக்கு மட்டும். நுரையீரலின் சிதைந்த பகுதி காற்றில் உப்பி, நல்ல பகுதியை நசுக்கிக்கொண்டிருந்தால், அந்தக் கெட்ட பகுதியைச் சுருக்கிவிடுவதுதான் யோசனை. முன்பு நெஞ்சைத் திறந்து வெட்டி எடுத்தார்கள். 1,218 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2003-ல் முடிவு வந்த பெரிய ஆய்வு, நோய் மேல் பகுதியில் இருந்து நடக்கும் திறனும் குறைந்தவர்களுக்கு ஆபரேஷன் பலன் தருகிறது என்றது. நுரையீரல் மிக மோசமான வேறு சிலருக்கு அதே ஆபரேஷன் ஆபத்து என்றும் அதே ஆய்வுதான் சொன்னது.

இப்போது கத்தி இல்லாமல், பிராங்கோஸ்கோப் குழாய் வழியாகச் சின்ன ஒருவழி வால்வுகளை வைக்கிறார்கள். காற்று வெளியே வரும், உள்ளே போகாது. அந்தப் பகுதி மெல்லச் சுருங்கும். 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு அனுமதி கொடுத்தது. ஆனால் சுமார் நான்கில் ஒருவருக்கு நுரையீரலிலிருந்து காற்று கசியும் சிக்கல் வருகிறது. அதனால் வால்வு வைத்த பிறகு சில நாட்களாவது ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிப்பார்கள். சி.டி. ஸ்கேனும் மற்ற பரிசோதனைகளும் பார்க்காமல் "வால்வு வெச்சா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால், இன்னொரு நெஞ்சக நோய் மருத்துவரிடம் கேளுங்கள். கடைசி வழி நுரையீரல் மாற்று. அதற்கான காத்திருப்புப் பதிவு நம் மாநிலத்தில் டிரான்ஸ்டான் வழியாக நடக்கிறது.

இத்தனை மெஷின்களுக்கு நடுவே மறந்துபோகும் சிகிச்சை ஒன்று இருக்கிறது. அதற்கு மெஷினே வேண்டாம். பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் ஆறிலிருந்து எட்டு வாரம் நடை, கை கால் பயிற்சி, உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விடும் பயிற்சி. பாத்ரூம் வரை நடக்கவே பயந்தவர் தெருமுனைவரை போய் வருவது இதனால்தான். பீடி, சிகரெட்டை விட உதவி வேண்டும் என்றால் 1800 112 356 என்ற தேசிய இலவச எண்ணில் பேசலாம்.

எங்கே போவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நெஞ்சக நோய்ப் பிரிவு இருக்கிறது. 1928-ல் காசநோய் சானடோரியமாகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியம், மதுரை அருகே தோப்பூர் ஆகிய இடங்களில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனைகளே தனியாக உள்ளன. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-ல் கேளுங்கள். ஓ.பி. சீட்டோடு பழைய ரிப்போர்ட், எல்லா இன்ஹேலர் டப்பாக்கள், ஆரம்பத்தில் எடுத்த அந்த வீடியோ ஆகியவற்றைக் கொண்டுபோங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை காப்பீடு உண்டு. வருமானச் சான்று, குடும்ப அட்டையோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதியலாம். டாக்டர் சொன்ன சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா, எந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கும் என்பதை 1800 425 3993-ல் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மாதாமாதம் வெளியே மருந்து வாங்குபவர்கள் 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் விலையை விசாரித்துப் பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர் வீட்டுக்கு வரும்போது பி.பி., சுகர் மட்டும் பேசாமல், மூச்சுத் திணறலையும் சொல்லுங்கள்.

உதடு நீலமாவது, பேச ஒரு வாக்கியம் முடியாமல் திணறுவது, குழப்பமாகப் பேசுவது, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம், இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நோயாளியைப் படுக்க வைக்காமல், முன்னால் சாய்த்து உட்கார வையுங்கள். நிவாரண இன்ஹேலரை ஸ்பேசரோடு கொடுங்கள். ஊழியர்கள் வந்ததும் முதலில் சொல்ல வேண்டியது: "இவருக்கு சி.ஓ.பி.டி இருக்கு." டாக்டர் ஆக்சிஜன் அளவு குறித்துக் கொடுத்திருந்தால் அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்து மொபைலில் வையுங்கள், அதையும் அப்போதே காட்டுங்கள்.